காளான்ல காளான் எங்கீங்க?

கேள்வி: கோவை பீளமேட்டுல நாங்க படிச்ச காலேஜ் வாசல்ல ரோட்டோரமா ஒரு அண்ணனும் அக்காவும் தள்ளுவண்டியில காளான் போடுவாங்க. அண்ணனுக்கு பக்கவாதம் வந்து படுத்துட்டாராம், இப்ப பையன் நிக்கிறான். லைசென்ஸ் அண்ணன் பேர்ல, பையன் கடை போட்டா தூக்கிருவாங்களா? அப்புறம், வீட்ல செஞ்சா அந்த ருசி ஏனுங்க வரமாட்டேங்குது?
- ஒரு வாசகி, கோபி

பதில்: ருசிய மொதல்ல பேசிருவோம் அம்மிணி. நீங்க வீட்ல முழுக்க காளானையே போட்டிருப்பீங்க, அங்கதான் தப்பு. வண்டிக்கடை காளான்ல முக்காவாசி முட்டைக்கோசுதானுங்க, பொடிசா அரிஞ்சு கொஞ்சம் காளான், மைதா, சோளமாவு, மிளகாத்தூள் போட்டு பிசைஞ்சு பகோடாவா பொரிச்சு வெச்சுக்குவாங்க, சாயங்காலம் ஆளு வர வர பெரிய தவாவுல வெங்காயம் தக்காளி வதக்கி தண்ணி ஊத்தி அந்த உருண்டைய போட்டு கரண்டியாலயே டக்கு டக்குனு கொத்துவாங்க பாருங்க, அப்ப மாவு கரைஞ்சு குழம்பு தானா கெட்டியாயிரும். மேல பச்சை வெங்காயம், மல்லித்தழை, நொறுக்குன சிப்ஸ். இத ஏமாத்துனு சொல்றவங்க சொல்லட்டும், காளான் விக்கிற வெலைக்கு காலேஜ் பசங்க பாக்கெட்டுக்கு இதாங்க கட்டும். வீட்டு வாணல்ல ரெண்டு பேருக்கு செஞ்சா வராது, ஒருத்தருக்கு கிண்டின மசாலா தவாவுல ஒட்டியிருக்க அதுமேலயே அடுத்தவங்களுக்கு கிண்டுறதுதான் விசயமே.

இப்ப லைசென்ஸ். 2014-ல வந்த தெருவோர வியாபாரிகள் சட்டத்துல, சர்டிபிகேட் (நீங்க சொல்ற லைசென்ஸ்தான்) வாங்கினவரு தானே நடத்தலாம், இல்ல குடும்பத்து ஆளுங்கள வெச்சும் நடத்தலாம்னு தெளிவா இருக்கு. அதனால பையன் நிக்கிறதுல ஒண்ணும் பிரச்சினை இல்ல. அண்ணனால இனிமே முடியவே முடியாதுன்னாலும் சர்டிபிகேட் காலம் முடியறவரைக்கும் அவருக்குப் பதிலா நடத்தலாம், ஆனா அதுல மொதல்ல வர்றது அக்கா, அப்புறம்தான் அண்ணன நம்பி இருக்கற பையன். வெளியாளுக்கு வாடகைக்கு மட்டும் விட்றாதீங்க, அது கூடாது.

சர்டிபிகேட் காலம் எப்ப முடியுதுன்னு பாத்துட்டு, டாக்டர் சீட்டையும் எடுத்துக்கிட்டு அக்காவையும் பையனையும் மாநகராட்சி ஆபீசுக்கு இப்பவே போகச் சொல்லுங்க. அங்க இருக்க நகர விற்பனைக் குழுல குறைஞ்சது 40 சதவீதம் பேரு ஓட்டுல ஜெயிச்சு வந்த வியாபாரிங்களா இருக்கணும்னு சட்டமே சொல்லுது, அதுல ஒருத்தர புடிச்சா வேலை சுளுவா நடக்குமுங்க.