டிஜிட்டல் சினிமா சர்வருக்கு எத்தனை டெராபைட் வேண்டும்? கேள்வி பதில்

கே: அண்ணா, எங்களுக்கு ஒரே ஸ்கிரீன்தான். சர்வர்ல 1 டிபி டிஸ்க் மூணு, ரெய்டு 5 (பல டிஸ்க்கை ஒண்ணா இணைக்கிற முறை). புதுப்படம் வர்ற வாரமெல்லாம் இடம் பத்தல. எவ்வளவுக்கு ஏத்தணும்?

ப: முதலில் ஒரு படம் எவ்வளவு பெரிதாக வரக்கூடும் என்று பாருங்கள். டிசிஐ (ஹாலிவுட் ஸ்டுடியோக்கள் சேர்ந்து வகுத்த டிஜிட்டல் சினிமா தரம்) விதிப்படி, வழக்கமான 24 பிரேம் படத்தில் காட்சிக்கான பிட்ரேட் நொடிக்கு 250 மெகாபிட்டைத் தாண்டக் கூடாது. அதாவது நொடிக்கு 31.25 மெகாபைட், மணிக்கு 112.5 ஜிபி. ஒலி சுருக்கப்படாமல் வருகிறது. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், 16 சேனல் என்றால் மணிக்கு 8.3 ஜிபி. இரண்டரை மணி நேரப் படத்துக்கு இரண்டும் சேர்த்து அதிகபட்சம் 302 ஜிபி. பெரும்பாலான படங்கள் இதைவிடச் சிறிதாகவே வரும். ஆனால் டிஸ்க் வாங்கும்போது உச்சத்தைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து, பழைய படங்களை இன்னும் அழிக்க முடியாத நிலையில் புதுப்படங்களும் வந்து ஏறும் அந்த ஓர் இரவுக்குக் கணக்குப் போடுங்கள். மற்ற நாட்களில் இடம் தானாகவே போதும். ஓடுவது 4, வருவது 3 என்றால் ஏழு படம், சுமார் 2.1 டிபி. டிரெய்லர், விளம்பரத்துக்கு 100 ஜிபி. மொத்தம் 2.2. இதில் டிஸ்க் 80 சதவீதத்துக்கு மேல் நிரம்பாமல் இருக்க 2.75 டிபி தேவை. உங்கள் மூன்று டிஸ்க்கில் ஒன்றின் அளவு ரெய்டு 5-இன் பாரிட்டிக்கு, அதாவது ஒரு டிஸ்க் கெட்டாலும் தரவை மீட்க உதவும் கூடுதல் தகவலுக்குப் போய்விடுகிறது. மிஞ்சுவது 2 டிபி. அதையும் 1024-ஆல் வகுத்துக் காட்டும் சர்வர்களில் திரையில் 1.8 என்றுதான் தெரியும். 2 டிபி டிஸ்க் மூன்று போட்டால் 4 டிபி கிடைக்கும். அது தாராளம்.

கே: 4கே படத்துக்கு நாலு மடங்கு இடம் வேணுமா சார்? 3டி-க்கு ரெண்டு மடங்கா?

ப: இரண்டுமே இல்லை. 2கே, 4கே, 3டி மூன்றுக்கும் அதே 250 மெகாபிட்தான் உச்சவரம்பு. 3டியில் இரு கண்ணுக்குமான பிரேம்கள் அந்த ஒரே வரம்பைப் பங்கிட்டுக்கொள்கின்றன. 4கே, 3டி பதிப்புகள் உச்சத்துக்குப் பக்கத்தில் வர வாய்ப்பு அதிகம், அவ்வளவுதான். ஒரே படத்தின் 2டி, 3டி இரண்டையும் வைத்திருந்தால் அவை இரண்டு தனிப் படங்கள். அங்கேதான் இடம் இரட்டிக்கிறது. அதிக பிரேம் வேகப் படங்கள் மட்டும் விதிவிலக்கு. அவை நொடிக்கு 500 மெகாபிட் வரை போகலாம்.

கே: ஒரு டிஸ்க் போயிடுச்சு. கையில சாதாரண டெஸ்க்டாப் 4 டிபி டிஸ்க் இருக்கு. போடலாமா?

ப: வேண்டாம். டெஸ்க்டாப் டிஸ்க் கெட்ட செக்டாரைப் படிக்க நெடுநேரம் திரும்பத் திரும்ப முயலும். அதற்குள் ரெய்டு கன்ட்ரோலர் பொறுமையிழந்து நல்ல டிஸ்க்கையே செயலிழந்ததாகக் கணக்கிட்டு ஒதுக்கிவிடும். அதுவும் எஸ்எம்ஆர் (தடங்களை ஒன்றன்மேல் ஒன்று சற்றே படியவைத்து எழுதும்) வகையாக இருந்தால் ரீபில்ட், அதாவது புது டிஸ்க்கில் தரவை மறுபடி உருவாக்கும் வேலை, தவழும். சர்வர் தயாரிப்பாளர் கொடுத்திருக்கும் பட்டியலில் உள்ள, 24 மணி நேர உழைப்புக்கான மாடலையே போடுங்கள். மற்ற டிஸ்க்குகள் 2 டிபி என்றால் 4 டிபி-யிலும் 2 மட்டுமே பயன்படும்.

கழற்றுமுன் எந்த ஸ்லாட் பழுது என்பதை மெனுவிலும் விளக்கிலும் சரிபாருங்கள். ரெய்டு 5 ஒரு டிஸ்க் இழப்பைத்தான் தாங்கும். அவசரத்தில் நல்லதை உருவினால் எல்லாப் படமும் போய்விடும். 2 டிபி டிஸ்க்கை நொடிக்கு 50 மெகாபைட்டில் ரீபில்ட் செய்ய 11 மணி நேரம் ஆகும். காட்சி ஓடிக்கொண்டிருந்தால் இன்னும் நீளும். அது முடியும்வரை இன்ஜெஸ்ட் (படத்தைச் சர்வரில் ஏற்றுவது) செய்யாதீர்கள்.

கே: எல்லா டிஸ்க்கையும் பெருசா மாத்தினா பழைய கேடிஎம் செல்லுமா?

ப: செல்லும். கேடிஎம் என்பது பூட்டிய படத்தைத் திறக்கும் டிஜிட்டல் சாவி. அது பிணைக்கப்பட்டிருப்பது, படத்தைத் திறந்து ஓட்டும் பகுதியான மீடியா பிளாக்கின் சான்றிதழோடு, டிஸ்க்கோடு அல்ல. மீடியா பிளாக்கை மாற்றினால்தான் புதுக் கேடிஎம் கேட்க வேண்டும். ஆனால் புது ரெய்டு உருவாக்கும்போது உள்ளே இருப்பதெல்லாம் அழியும். ஆகவே ஓடும் படங்களின் மூல டிஸ்க்குகளைத் திருப்பி அனுப்புவதற்கு முன் இந்த வேலையை வைத்துக்கொள்ளுங்கள்.

கே: இடம் வேணும்னு ஒரு படத்தோட பழைய வெர்ஷனை அழிச்சேன். இப்ப சப்டைட்டில் வெர்ஷனும் ஓட மாட்டேங்குது.

ப: நீங்கள் அழித்தது ஓவி, அதாவது முழுப் படமும் உள்ள மூலப் பதிப்பு. சப்டைட்டில் பதிப்பு விஎஃப், அதாவது ஓவியைச் சார்ந்து ஓடும் துணைப் பதிப்பு. அதில் சப்டைட்டிலும் சிபிஎல்லும் (எந்தக் கோப்பை எந்த வரிசையில் ஓட்டுவது என்ற பட்டியல்) மட்டும் இருக்கும், காட்சி முழுவதும் ஓவியிலிருந்துதான் எடுக்கப்படும். ஓவியை மறுபடி இன்ஜெஸ்ட் செய்யுங்கள், விஎஃப் சரியாகிவிடும். இனி அழிக்குமுன் அளவைப் பாருங்கள்: முழு நீளப் படம் சில நூறு மெகாபைட் மட்டும் காட்டினால் அது விஎஃப், அதற்குப் பின்னால் ஓர் ஓவி கட்டாயம் இருக்கும். இடம் வேண்டுமென்றால் முதலில் கேடிஎம் காலாவதியான படங்களை அழியுங்கள்; நீட்டிப்பு வராது என்று விநியோகஸ்தரிடம் கேட்டுக்கொண்டு அழியுங்கள்.

கே: எட்டு ஸ்கிரீனுக்கு லைப்ரரி சர்வர் எவ்வளவு?

ப: லைப்ரரி சர்வர் என்பது எல்லா ஸ்கிரீனுக்குமான படங்களை ஓரிடத்தில் வைக்கும் பொதுச் சர்வர். ஸ்கிரீனால் பெருக்க வேண்டாம், தலைப்புகளை எண்ணுங்கள். ஒரே படம் ஐந்து ஸ்கிரீனில் ஓடினாலும் லைப்ரரியில் ஒரு பிரதிதான். 20 தலைப்பு என்றால் 6 டிபி, கொஞ்சம் காலி இடம் விட்டு 8. இதற்கு இரண்டு டிஸ்க் இழப்பைத் தாங்கும் ரெய்டு 6 போடுங்கள்.

கே: டிரெய்லரை பென் டிரைவ்ல போட்டா காப்பி ஆக மாட்டேங்குது. படம் இன்ஜெஸ்டும் பாதியில் நின்னுடுது.

ப: பென் டிரைவ் ஃபேட்32 என்ற பழைய கோப்பு அமைப்பில் இருக்கும், அதில் 4 ஜிபிக்கு மேல் ஒரு கோப்பு ஏறாது. இரண்டரை நிமிட டிரெய்லரே உச்சத்தில் 4.7 ஜிபி. லினக்ஸின் கோப்பு அமைப்பான எக்ஸ்ட்2 அல்லது எக்ஸ்ட்3, ஐநோடு (கோப்பு விவரப் பதிவு) அளவு 128 பைட், எம்பிஆர் (பழைய வகைப் பார்ட்டிஷன் அட்டவணை), ஒரே பார்ட்டிஷன் என்று வடிவமையுங்கள். இன்றைய லினக்ஸ் ஐநோடுக்குத் தானாக 256 பைட் வைக்கும். பழைய சர்வர்கள் சில அதைப் படிக்காது.

இன்ஜெஸ்ட் நிற்பதற்கு, காலி இடம் இருந்தும் ஹாஷ் பிழை (கோப்பு சிதையாமல் வந்ததா என்ற சரிபார்ப்பில் வரும் பிழை) வந்தால், லாகில் கோப்பின் பெயரைப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் அதே கோப்பு என்றால் வந்த டிஸ்க்கில் பழுது, மாற்று டிஸ்க் கேளுங்கள். முறைக்கு ஒரு கோப்பு என்றால் முதலில் கேபிள், போர்ட், மின்சாரம் மூன்றையும் மாற்றிப் பாருங்கள். யுஎஸ்பி 2-இல் நொடிக்கு 30 மெகாபைட்தான் கிடைக்கும்; 200 ஜிபி ஏற இரண்டு மணி நேரம் பக்கம். படம் ஓடும்போது பல சர்வர்கள் இன்ஜெஸ்ட்டைத் தாங்களே மெதுவாக்கும், அதைப் பழுதென்று எண்ணி கேபிளைப் பிடுங்கிவிடாதீர்கள்.