பேய்க்கதை எழுதுனவருக்கு ஆட்டிசமா? அப்ப எனக்கும் இருக்கா?

கேள்வி: அக்கா, எனக்கு 27 வயசு. மன்னார்குடி பக்கம் அப்பாவோட உரக்கடைய பாத்துக்கிறேன், ராத்திரி கடைய சாத்துனதுக்கப்புறம் பேய்க்கதை எழுதுவேன். ஹெச்.பி. லவ்கிராஃப்ட்னு ஒரு அமெரிக்க ஹாரர் எழுத்தாளர்னா எனக்கு உசுரு. அவருக்கு ஆட்டிசம் இருந்திருக்கும்னு நிறைய பேர் சொல்றாங்க. மீனு ஆகாது, தனியாவே இருப்பாரு, பழைய காலத்து மேல பைத்தியம், படிப்ப பாதில விட்டாரு. படிச்சா என்னையே எழுதுன மாதிரி இருக்கு. கருவாடு வாசம் வந்தா நான் தெருவுக்குப் போயிடுவேன், கல்யாணத்துல மேளம் அடிச்சா காதப் பொத்திக்கிட்டு மண்டபத்து வாசல்ல நிப்பேன், கடைக்கு வர்றவங்க கண்ணப் பாத்துப் பேச வராது. போன்ல ஒரு டெஸ்ட் போட்டேன், 50க்கு 34 வந்துச்சு. வீட்ல பொண்ணு பாக்குறாங்க. அவருக்கு இருந்துச்சா? எனக்கு இருக்கா? (பேர் போட வேணாம்)

பதில்: தம்பி, உங்க லெட்டர ரெண்டு தடவ படிச்சேன். மொதல்ல அந்த மனுஷனப் பத்திப் பேசிடுவோம், பேய்க்கதைன்னா அடுப்புல பால் பொங்குறது தெரியாம படிக்கிற ஆளு நானு, அதனால கொஞ்சம் நீளமாப் போனா பொறுத்துக்கங்க.

லவ்கிராஃப்ட் 1890ல பிராவிடன்ஸ்ங்கிற ஊர்ல பொறந்தாரு, 1937 மார்ச்ல குடல்ல கேன்சர் வந்து 46 வயசுல போயிட்டாரு. ஆட்டிசம்னு இன்னைக்கு நாம சொல்றோமே, ஆளுங்களோட பழகுறது, சத்தம் வாசத்த உணர்றதுன்னு சின்ன வயசுலேர்ந்தே வேற மாதிரி இருக்குறது, அத லியோ கேனர்ங்கிற டாக்டர் 11 பிள்ளைங்கள வெச்சு எழுதுனது 1943ல, ஆஸ்பெர்கர்ங்கிற இன்னொரு டாக்டர் வியன்னாவுல எழுதுனது அதுக்கு அடுத்த வருஷம். அதாவது இவரு செத்து ஆறு வருஷம் கழிச்சுத்தான் அந்த வார்த்தைக்கே இந்த அர்த்தம் வந்துச்சு. 1908ல ஸ்கூல் முடிக்காமலே வீட்டோட முடங்குனாரே, அப்ப அவருக்குத் தெரிஞ்ச ஒரே பேரு நரம்புத் தளர்ச்சிதான்.

ஆனா சந்தேகப்படுறவங்களையும் குத்தம் சொல்ல முடியாது, விஷயம் அப்படி. 16 வயசுலயே உள்ளூர் பேப்பருக்கு வானசாஸ்திரம் பத்தி எழுத ஆரம்பிச்சவரு. வாழ்க்கைல எழுதுன லெட்டர் மட்டும் ஆயிரக்கணக்குல இல்ல, பல்லாயிரக்கணக்குல, சிலது ஒரு குட்டிப் புத்தகம் கனத்துக்கு இருக்கும். 18ஆம் நூற்றாண்டுல பொறந்திருக்க வேண்டியவன்னு சொல்லிக்கிட்டு எழுத்துக்கூட்டலக்கூட அந்தக் காலத்து மாதிரி போடுவாரு. மீன் வாசத்தயே தாங்க மாட்டாரு, ஐஸ்கிரீம்னா கணக்கில்லாம உள்ள போகும், குளிர் வந்தா ஆளு ஒடுங்கிடுவாரு. எனக்கு இதுல ரொம்பப் புடிச்சது கோட்டு திருடுபோன கதைதான். 1925ல நியூயார்க்ல புரூக்ளின் பக்கம் வாடகை ரூம்ல இருக்காரு, கையில காசு இல்ல, திருடன் வந்து கோட்டு சூட்ட எல்லாம் வாரிக்கிட்டுப் போயிட்டான். நாமளா இருந்தா நாலு நாளு திட்டிட்டு கெடைச்சத மாட்டிக்குவோம். இவரு மாசக்கணக்குல கடை கடையா ஏறி எறங்கி, துணி எப்படி, வெட்டு எப்படி, விலை எவ்வளவுன்னு ஒண்ணு விடாம ஊர்ல இருக்குற பெரியம்மாவுக்குப் பக்கம் பக்கமா எழுதுறாரு. படிச்சா சிரிப்பும் வரும், ஐயோ பாவம்னும் இருக்கும்.

சரி, இப்ப மத்த பக்கத்தையும் பாருங்க. இவருக்கு மூணு வயசு முடியுறதுக்கு முன்னாடியே அப்பாவ மனநல ஆஸ்பத்திரில சேத்தாச்சு, அஞ்சு வருஷத்துல அங்கயே செத்துட்டாரு. தாங்கி நின்ன தாத்தா 1904ல போனாரு, பணமும் போச்சு, பொறந்து வளந்த வீடும் போச்சு. அம்மாவயும் 1919ல அதே ஆஸ்பத்திரில சேத்தாங்க, 1921ல அவங்களும் போயிட்டாங்க. இப்படி வளந்த பையன் வீட்டுக்குள்ளயே அடஞ்சு கெடந்தான்னா அதுக்கு ஆட்டிசம்தான் வேணும்னு இல்லீங்க. இன்னொண்ணு, ஜனங்க நெனைக்கிற மாதிரி அவரு முழுச் சந்நியாசியும் கெடையாது. நியூயார்க்ல வாராவாரம் கூட்டாளிங்களோட விடிய விடிய அரட்டை, பிற்காலத்துல கையில காசே இல்லாம பஸ் ஏறி வடக்க கியூபெக்லேர்ந்து தெக்க ஃபுளோரிடா வரைக்கும் சுத்துனாரு, எழுத ஆசப்பட்ட சின்னப் பசங்களுக்கு பொறுமையா லெட்டர் போட்டு சொல்லிக்குடுத்தாரு.

இத நான் உங்களுக்கு வெளக்கணும்னே இல்ல, நீங்க உரக்கடைல உக்காந்திருக்கீங்க. ஒருத்தர் ஒரு மஞ்ச இலையப் பிச்சு சட்டப்பையில வெச்சுக்கிட்டு வந்து "தம்பி, பயிரு மஞ்சளா போயிருச்சு, என்ன போடலாம்"னு கேட்டா ஒடனே யூரியா மூட்டையத் தூக்கிக் குடுப்பீங்களா? பழைய இலை மஞ்சளா குருத்து மஞ்சளா, நட்டு எத்தன நாளாச்சு, வயல்ல தண்ணி வடியாமலே கெடக்கா, துத்தநாகம் போட்டீங்களா, பச்சை தத்துப்பூச்சி பறக்குதான்னு கேப்பீங்கல்ல. தழைச்சத்து கொறஞ்சாலும் மஞ்ச, துத்தநாகம் கொறஞ்சாலும் மஞ்ச, துங்ரோங்கிற வைரஸ் நோய் வந்தாலும் மஞ்ச. லவ்கிராஃப்ட் விஷயத்துல நம்மகிட்ட இருக்குறது பறிச்ச இலை மட்டுந்தான், வயலு 1937லயே போயிருச்சு. இருந்திருக்கலாம், நானும் கொஞ்சம் அப்படித்தான் நெனைக்கிறேன், ஆனா அது நம்ம திண்ணைப் பேச்சு, டாக்டர் சீட்டு கெடையாது. உசுரோட இருக்குற எழுத்தாளர்ங்கள வெச்சு இந்த வெளையாட்டு வேணவே வேணாம். 1964ல அமெரிக்காவுல ஒரு பத்திரிகை, எலக்‌ஷன்ல நின்ன கோல்ட்வாட்டர் புத்தி எப்படின்னு டாக்டர்ங்களுக்குத் தபால் போட்டு, நேர்ல பாக்காமலே 1,189 பேரு அவரு லாயக்கில்லன்னு சொன்னத அச்சுல போட்டுச்சு, அவரு கேஸ் போட்டு ஜெயிச்சாரு. அதுக்கப்புறந்தான் நேர்ல பரிசோதிக்காத ஆளப் பத்தி பொதுவுல வாயத் தொறக்கக் கூடாதுன்னு 1973ல அங்கத்த மனநல டாக்டர்ங்க சங்கமே விதி போட்டுச்சு.

ரெண்டு விஷயத்துல எனக்குக் கோவமே வருது. லவ்கிராஃப்ட் கறுப்பினத்தவரையும் வந்தேறிகளையும் யூதர்களையும் அவ்ளோ கேவலமா எழுதியிருக்காரு, அதுக்கு "அவருக்கு ஆட்டிசம், அதான்"னு சாக்கு சொல்றாங்க பாருங்க, அது ஆட்டிசம் இருக்குற பிள்ளைங்களப் பெத்தவங்க மூஞ்சில அடிக்கிற மாதிரி. அடுத்தது, பேய் பிசாசுன்னு எழுதுறதாலயே ஆளு ஒரு மாதிரின்னு சொல்றது. அப்படிப் பாத்தா எங்க ஊருல முனீஸ்வரன் கத சொல்லி எங்கள ராத்திரில கொல்லப்பக்கம் போகவிடாம பண்ண பாட்டிங்க அத்தன பேருக்கும் டெஸ்ட் எடுக்கணும்.

இப்ப உங்க விஷயம். எங்க பெரியப்பா ஒருத்தரு இருந்தாரு, வலங்கைமான் பக்கம். தெனம் ரேடியோல மேட்டூர் அணை நிலவரம் சொல்லுவாங்கல்ல, நீர்மட்டம் இத்தன அடி, வரத்து இத்தன கன அடி, தெறப்பு இத்தன கன அடின்னு, அத நீளமான கணக்கு நோட்டுல பென்சிலால எழுதுவாரு, அந்த நேரத்துல யாரும் இருமக்கூடக் கூடாது. ஜூன் 12 நெருங்கிட்டா மனுஷனக் கையில புடிக்க முடியாது, 120 அடிக்கு இன்னும் எத்தன அடி பாக்கின்னு போற வர்றவங்கள நிறுத்தி நிறுத்திச் சொல்லுவாரு, கேக்குறவன் பஸ்ஸ விட்டுட்டு நிக்கிறான்னு அவருக்குத் தெரியவே தெரியாது. சொந்தத்துல கல்யாணம்னா விடியக்காலம் நாலரை மணிக்கே மண்டபத்துக்குப் போயி, கோலம் போடுற பொம்பளைங்க தவிர யாரும் இல்லாதப்ப, மொய்க் கவர மாப்ள வீட்டுக்காரங்க கையில திணிச்சுட்டு மொத பஸ்ஸுக்கு வீட்டுக்கு வந்துடுவாரு. ஊரு "அவரு ஒரு மாதிரி"ன்னு சொல்லி அதோட விட்டுருச்சு. மூணு பிள்ளைங்க, அஞ்சு ஏக்கரு, நல்லாத்தான் வாழ்ந்தாரு. அவருக்கும் நான் பேரு வெக்கப் போறதில்ல, ஆனா ஒண்ணு சொல்லணும், பெரியம்மா சாகுற வரைக்கும், அவங்க தங்கச்சி கல்யாணத்துல அந்த மனுஷன் வேணும்னேதான் நிக்கலன்னு நெனச்சுக்கிட்டே இருந்தாங்க. யாராவது ஒரு டாக்டர் அன்னைக்கு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அவங்களுக்கு மனசு ஆறியிருக்கும். அதனால, பேரு தெரிஞ்சு என்ன ஆகப்போவுதுன்னு நான் உங்ககிட்ட சொல்ல மாட்டேன்.

போன்ல போட்ட டெஸ்டு 50 கேள்வின்னா அது கேம்பிரிட்ஜ்காரங்க 2001ல வெளியிட்டதா இருக்கும், 32ஓ அதுக்கு மேலயோ வந்தா டாக்டரப் பாக்குறது நல்லதுன்னு சொல்ல மட்டுந்தான் அது, இருக்கு இல்லன்னு தீர்ப்பு சொல்லாது. அதுல மியூசியம் போறதவிட தியேட்டர் போகப் புடிக்குமான்னு ஒரு கேள்வி வரும், அவங்க கேக்குறது மேடை நாடகத்த, நம்ம ஊருல தியேட்டர்னா விசிலடிச்சு சினிமா பாக்குற எடம், மியூசியத்துக்கு நீங்க தஞ்சாவூர் போகணும். பதில் எப்படி ஒழுங்கா வரும் சொல்லுங்க. கூச்ச சுபாவமும் பதட்டமும் இருந்தாலே மார்க் ஏறும். மேளச் சத்தம் தாங்காததும் கருவாடு ஆகாததும் தனியா எடுத்தா ஒண்ணும் இல்ல, எங்க வீட்லயே பாதிப் பேருக்கு கருவாடு ஆகாது.

டாக்டர் கேக்கப்போறது வேற. சின்ன வயசுலேர்ந்தே அப்படியான்னுதான் மொதல்ல பாப்பாங்க, 20 வயசுல திடீர்னு ஆரம்பிச்சதுன்னா அது வேற கத. அதனால அம்மாகிட்ட கேட்டு ஒரு நோட்டுல எழுதுங்க: எப்பப் பேச ஆரம்பிச்சீங்க, நிலாவ காக்காவ கைய நீட்டிக் காமிச்சீங்களா, கூப்ட்டா திரும்பிப் பாத்தீங்களா, பசங்களோட சொப்பு வெச்சு சோறாக்கி வெளையாடுனீங்களா இல்ல ஒரே சாமான வரிசயா அடுக்கிக்கிட்டு இருந்தீங்களா, ஒண்ணாப்பு டீச்சர் என்ன சொன்னாங்க. ரேங்க் கார்டு பரண்ல கெடந்தா எறக்குங்க. அத எடுத்துக்கிட்டு மனநல டாக்டரையோ கிளினிக்கல் சைக்காலஜிஸ்டையோ பாருங்க, தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரில மனநல ஓ.பி. இருக்கு, ஒரே நாள்ல முடியாது, ரெண்டு மூணு தடவ அலையணும். 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்துல ஆட்டிசமும் இருக்கு, சர்டிஃபிகேட் வேணும்னா 40 கேள்வி உள்ள இந்திய அளவுகோல் ஒண்ணு போடுவாங்க, ஆனா கடைய தனியாவே நடத்துற ஆளுக்கு அது தேவப்படுமான்னு எனக்கு சந்தேகந்தான். ஆட்டிசத்துக்குன்னு மாத்திரை கெடையாது, குணமாக்குறேன்னு எவனாவது காசு கேட்டா எந்திரிச்சு வந்துடுங்க.

கல்யாணம். லவ்கிராஃப்டும் 1924ல கட்டிக்கிட்டாரு, சோனியான்னு தொப்பிக் கடை வெச்சிருந்த பொண்ணு, அவரவிட ஏழு வயசு மூத்தவங்க. அது நெலைக்கல. ஆனா ஏன்னு பாருங்க, கட்டுன கொஞ்ச நாள்லயே கடை நொடிஞ்சுது, இவருக்கு வேல கெடைக்கல, அந்தம்மா வேலைக்காக வேற ஊரு போனாங்க, பிராவிடன்ஸ்ல வந்து கடை போடுறேன்னு சொன்னதுக்கு இவரோட பெரியம்மாவும் சித்தியும் எங்க குடும்பத்து மருமக எங்க ஊருலயே கடை வெக்கிறதான்னு ஒத்துக்கல. இதுல எத ஆட்டிசம்னு சொல்லுவீங்க? பொண்ணுகிட்ட தனியாப் பேச அஞ்சு நிமிஷம் குடுப்பாங்கல்ல, அப்ப பேரெல்லாம் வேணாம், "சத்தம்னா எனக்கு ஆகாது, கூட்டத்துல காணாமப் போயிடுவேன், கோவிச்சுக்கிட்டுப் போறேன்னு நெனைக்காதீங்க, ராத்திரில உக்காந்து எழுதுவேன்"னு உள்ளத உள்ளபடி சொல்லுங்க. அதுக்குள்ள டாக்டர் ஏதாவது உறுதியா சொல்லிட்டாருன்னா அதையும் நிச்சயதார்த்தத்துக்கு முன்னாடியே சொல்லிடணும், மறைக்கக் கூடாது.

அம்மாகிட்ட சின்ன வயசு கதையக் கேக்க ஞாயித்துக்கெழம மத்தியானம் போகாதீங்க, அடுப்புல கருவாட்டுக் கொழம்பு இருக்கும், பாதிக் கேள்விலயே நீங்க தெருவுல நிப்பீங்க.