அதிகம் பேசப்படாத பழைய இசை நகைச்சுவைப் படங்களில் தேடிச் சேகரிக்கத் தகுந்தது எது?

என் தேர்வு, வேதாந்தம் ராகவையா இயக்கத்தில் 1960ஆம் ஆண்டு வெளிவந்த ‘அடுத்த வீட்டுப் பெண்’. இதே கதை வங்காளத்தில் 1952இலும் தெலுங்கில் 1953இலும் படமாகி, 1968இல் ‘படோசன்’ என்ற பெயரில் இந்தியில் பெரும்புகழ் அடைந்ததால், இடையில் வந்த தமிழ்ப் படத்தைப் பலரும் மறந்துவிட்டனர்.

சங்கீதத்தில் மோகம் கொண்ட அடுத்த வீட்டுப் பெண்ணை விரும்பும் நாயகனுக்குப் பாட வராது. நண்பன் மறைந்திருந்து பாட, அவன் வாயை மட்டும் அசைக்கிறான். பின்னணிக் குரலையே நம்பி வாழ்ந்த தமிழ்த் திரையுலகம் தன்னைத்தானே பகடி செய்துகொண்ட இடமாக இதை நான் பார்க்கிறேன். ‘சபாபதி’ படக் காலத்திலிருந்தே உருட்டு விழிகளுக்குப் பெயர் பெற்ற நாயகன் டி.ஆர். ராமச்சந்திரன் திருட்டுப் பாட்டுக்கு வாயசைக்கையில், அந்த அப்பாவித்தனம் இந்திப் பதிப்பின் ஆரவாரத்தைவிட எனக்கு உவப்பாக இருக்கிறது. நாயகி அஞ்சலி தேவியோ தெலுங்கில் ஏற்ற வேடத்தை ஏழு ஆண்டுகள் கழித்தும் அதே துடிப்புடன் செய்திருக்கிறார்.

ஆயினும் படத்தின் உயிர், அஞ்சலி தேவியின் கணவர் ஆதிநாராயண ராவின் இசைதான். தஞ்சை ராமையா தாஸின் வரிகளில் பி.பி. ஸ்ரீநிவாஸ் பாடிய ‘கண்ணாலே பேசிப் பேசிக் கொல்லாதே’ இன்றும் மெல்லிசை மேடைகளில் ஒலிக்கிறது. அது எந்தப் படத்துப் பாட்டு என்பது கேட்பவர்களில் பலருக்குத் தெரியாது.

சேகரிப்பதானால் இசைத்தட்டையும் பாட்டுப் புத்தகத்தையுமே தேடுவேன். அரக்கினால் செய்த அக்கால இசைத்தட்டு கீழே விழுந்தால் உடைந்துவிடும் என்பதாலும், எஃகு ஊசி ஓட ஓடப் பள்ளங்கள் தேயும் என்பதாலும், நல்ல நிலையில் கிடைப்பது அரிது. வாங்கும் முன் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, கீறல்களையும் விளிம்பில் மயிரிழை விரிசல்களையும் கவனிக்க வேண்டும். அதன் காகித உறை பெரும்பாலும் எல்லாத் தட்டுகளுக்கும் பொதுவானது என்பதால், உறைக்கென்று தனி விலை கொடுக்கத் தேவையில்லை. திரையரங்க வாசலில் விற்ற பாட்டுப் புத்தகமோ, கதையைப் பாதியில் நிறுத்தி ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று முடிக்கும் அக்கால வழக்கத்தின் சான்று. துருவேறிய கம்பித் தைப்பும் பழுப்பேறிய மலிவுத் தாளும் இருந்தால் பெரும்பாலும் அசலாக இருக்கும். வெள்ளைத் தாளில் பளிச்சென்று இருப்பது நகலாகவே இருக்கக்கூடும். பிற்காலத்தில் விற்று லாபம் பார்க்கும் எண்ணமிருந்தால், புகழ்பெற்ற நட்சத்திரங்களின் படங்களை நாடுவதே நல்லது.