நெடும்பயணத்தில் காருக்குள் ஏறும் சூடு: கேள்வி பதில்

கேள்வி: சென்னையிலிருந்து மதுரை செல்லும்போது விழுப்புரம் தாண்டியதும் ஓட்டுநரின் இடது கால் பக்கம் சுடுகிறது. ஏசி கேஸ் நிரப்பியும் பயனில்லை.

பதில்: கேஸ் நிரப்புவதற்கு முன் சூடு எந்த வழியாக வருகிறது என்று பார்த்திருக்க வேண்டும். வண்டியை ஓரமாக நிறுத்தி, ஏசியை அணைத்து, வெப்பநிலைக் குமிழைக் குளிர்ச்சியின் கடைசிக்குத் திருப்பி, ப்ளோயரை மட்டும் ஓடவிட்டு வென்ட் முன் கையை வையுங்கள். வெளிக்காற்றைவிடச் சூடான காற்று வந்தால், டாஷ்போர்டுக்குள் சூடான காற்றின் வழியை அடைக்கும் ஃபிளாப் (தடுப்பு மடல்) முழுதாக மூடாமல், எஞ்சினின் சூடான கூலன்ட் (குளிர்விக்கும் நீர்மம்) ஓடும் ஹீட்டர் காயிலின் சூடு கலக்கிறது என்று பொருள். வென்ட் காற்று சரியாக இருந்து, மேட்டைத் தூக்கிப் பார்த்தால் தரை சுடுகிறது என்றால், கோளாறு வண்டிக்கு அடியில் இருக்கிறது. சைலன்சர் குழாயில் உள்ள, புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் வழக்கமான ஓட்டத்திலேயே 400 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அதற்கும் தரைக்கும் நடுவே உள்ள வெப்பத் தடுப்புத் தகட்டின் போல்ட் துளை துருப்பிடித்து அகன்றுவிட்டால், தகடு இறங்கித் தொங்கும். ஐட்லிங்கில் (வண்டி நிற்க எஞ்சின் மட்டும் ஓடும்போது) தகரம் அதிரும் சத்தமும் கேட்கும். எஞ்சின் ஆறிய பிறகு, லிஃப்டில் ஏற்றி மட்டுமே அடியில் பாருங்கள்.

கேள்வி: சன் ஃபிலிம் ஒட்டினால் தீருமா?

பதில்: இரவு ஓட்டத்திலும் சுடுகிறதா என்று முதலில் பாருங்கள். சுட்டால் வெயிலுக்கு இதில் பங்கில்லை.

கேள்வி: எனக்கும் வென்ட்டில்தான் சூடு வந்தது. மெக்கானிக், கூலன்ட் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றினார், குறைந்துவிட்டது. எல்லோரும் இதையே செய்யலாமே?

பதில்: செய்யக் கூடாது. கூலன்ட்டின் சூடு குறைந்ததால் ஹீட்டர் காயிலின் சூடும் குறைந்தது, அவ்வளவுதான். ஃபிளாப் இன்னும் திறந்தே இருக்கிறது. எஞ்சின் உரிய சூட்டை எட்டாமல் ஓடுவதால் பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும், தேய்மானமும் கூடும்.

கேள்வி: நம் ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதற்கு என்றுதான் அவர் கேட்கிறார்.

பதில்: வெளியே 40 டிகிரி அடித்தாலும் எஞ்சினுக்கு வேண்டிய சூடு ஏறக்குறைய 90 டிகிரி. அதை நிலையாக வைத்திருப்பதுதான் அதன் வேலை. உங்கள் ஐயம் தீர ஒரு சோதனை சொல்கிறேன்: தெர்மோஸ்டாட்டைத் திரும்ப மாட்டச் சொல்லுங்கள், எஞ்சின் ஆறியிருக்கும்போது ஹீட்டருக்குப் போகும் இரண்டு ஹோஸ்களையும் காயிலை விட்டுக் கழற்றி, ஒன்றோடொன்று இணைத்து, வழிந்துபோன அளவு கூலன்ட்டை நிரப்பிக் காற்றையும் வெளியேற்றிவிட்டு ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். சூடு அடியோடு நின்றால் ஃபிளாப்பையோ அதை நகர்த்தும் மோட்டாரையோதான் மாற்ற வேண்டும். சூடான ரேடியேட்டர் மூடியை மட்டும் யாரும் திறக்காதீர்கள்.

கேள்வி: கேஸ் குறைந்தால் தரை சுடுமா?

பதில்: சுடாது. தரை சுட்டால் கோளாறு வண்டிக்கு அடியில் என்று மேலே சொல்லிவிட்டேன்.

கேள்வி: பிஎஸ்-6 டீசல் வண்டி. நெடுஞ்சாலையில் சில நேரம் மட்டும் அடியில் சூடு தெரிகிறது.

பதில்: டிபிஎஃப் (டீசல் புகையின் கரியைப் பிடிக்கும் வடிகட்டி) தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும்போது புகையின் சூடு 600 டிகிரி வரை போகும். சிறிது நேரத்தில் அடங்கினால் கோளாறு இல்லை. அந்த நேரத்தில் காய்ந்த புல்மேல் நிறுத்தாதீர்கள்.

கேள்வி: தரைச் சூட்டோடு புகை வாசனையும் வருகிறது, பின்சீட்டில் குழந்தைகளுக்குத் தலைவலி. கேஸ் பார்க்கவா?

பதில்: கேஸை விடுங்கள். சைலன்சர் இணைப்பில் கசிவு இருந்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. புகை வாசனை நின்றுவிட்டாலும் ஆபத்து நீங்கியதாகாது. கண்ணாடிகளை இறக்கி, வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்து, எல்லோரும் இறங்குங்கள். குழந்தைகளை உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். வண்டி இழுவை வண்டியில் பட்டறைக்குப் போகட்டும்.