வெளிநாடு போய் கிட்னி மாற்றுவது: சிறுநீரக மருத்துவரிடம் கேட்டவை

கேள்வி (ஷார்ஜா): அப்பாவுக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ். வெளிநாட்டில் பணம் கட்டினால் ஒரே மாதத்தில் கிட்னி கிடைக்கும் என்கிறார் ஒரு புரோக்கர். போகலாமா டாக்டர்?

பதில்: சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும், உடம்பைப் பற்றி மட்டும் பேசுவோம். கிட்னி தருபவர் சொந்த அண்ணன் என்றால் தனக்கு எப்போதோ வந்த காமாலையை மறைக்கமாட்டார். கடனை அடைக்க விற்பவர் மறைப்பார்; அவரைக் குறை சொல்லவும் முடியாது. தொற்று புதிதாக இருந்தால் எச்ஐவி, ஹெபடைட்டிஸ் சி (கல்லீரலைத் தாக்கும் வைரஸ்) சோதனையிலும் அகப்படாமல் போகலாம். உங்கள் பக்கத்துக் கதையே இருக்கிறது. 1980களில் அமீரகம், ஓமனிலிருந்து பம்பாய்க்கு வந்து, விலைக்கு வாங்கிய கிட்னியைப் பொருத்திக்கொண்டவர்களைப் பற்றி 1990இல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு ஆய்வு வந்தது. அவர்களில் பலர் முதல் ஆண்டைத் தாண்டவில்லை. சிலருக்கு எச்ஐவியும் வந்திருந்தது. இன்று சோதனைகள் எவ்வளவோ மேம்பட்டுவிட்டன. ஆனால் ஒரே மாதத்தில் முடிக்கத் துடிக்கும் இடத்தில் அதையெல்லாம் யார் பொறுமையாகச் செய்வார்கள்?

கேள்வி (திருச்சி): கொழும்பில் செய்யலாம் என்கிறார்களே?

பதில்: இந்தியர்கள் சிக்கிய கிட்னி விற்பனைப் புகாருக்குப் பிறகு, 2016இல் வெளிநாட்டவருக்குக் கிட்னி மாற்றுவதை இலங்கை அரசு நிறுத்தியது. இப்போதும் அந்த ஊர்ப் பெயரைச் சொல்லி ஒருவர் முன்பணம் கேட்டால் உஷாராக இருங்கள்.

கேள்வி (மதுரை): மாமா எங்கேயோ போய் மாற்றிக்கொண்டு வந்துவிட்டார். இங்கே டாக்டரிடம் சொல்லப் பயப்படுகிறார்.

பதில்: திட்டு விழும் என்றுதானே? விழட்டும், இன்றே கூட்டிப்போங்கள். ஆபரேஷன் குறிப்பு, தானம் தந்தவரின் ரத்தச் சோதனைகள், மாத்திரைப் பட்டியல் என்று இருப்பதையெல்லாம் எடுத்துக்கொள்ளுங்கள். புதுக் கிட்னியை உடல் நிராகரிக்காமல் காக்கும் மருந்து டாக்ரோலிமஸ்; காலையில் அந்த மாத்திரையை விழுங்காமல் கையில் கொண்டுபோகச் சொல்லுங்கள். சோதனைக்கு ரத்தம் கொடுத்த பிறகு போடட்டும். போட்டுவிட்டு வந்தால் ரத்தத்தில் மருந்தின் அளவு சரியாகத் தெரியாது.

முக்கியமாக, டிஜே ஸ்டென்ட் எடுத்தாயிற்றா என்று கேளுங்கள். சிறுநீர்க் குழாயில் வைக்கும் மெல்லிய டியூப் அது; சில வாரங்களில் எடுத்துவிடுவார்கள். அவசரமாக ஊர் திரும்புகிறவர்களுக்கு உள்ளே அது இருப்பதே தெரியாது. மாதக்கணக்கில் கிடந்தால் அதன்மேல் கல் படியும், கிருமியும் சேரும்.

காய்ச்சல் 100 டிகிரியைத் தொட்டால் பாராசிட்டமால் போட்டுப் படுத்துவிடக் கூடாது. நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கேள்வி (மதுரை, மறுபடியும்): இருமலுக்கு டிபி மாத்திரை ஆரம்பித்திருக்கிறார்கள். பரவாயில்லையா?

பதில்: அதில் ரிஃபாம்பிசின் இருந்தால் டாக்ரோலிமஸ் அளவு மளமளவென்று இறங்கிவிடும், உடல் புதுக் கிட்னியை நிராகரிக்கலாம். இரண்டு மருந்தையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். டிபி டாக்டரையும் சிறுநீரக டாக்டரையும் இன்றே போனில் பேசவையுங்கள்.