இம்யூனாலஜி படிக்கட்டுமா என்று கேட்ட அம்மாவுக்கு

அன்புள்ள அம்மா, வணக்கம்.

"டாக்டருக்குப் படின்னா, இம்யூனாலஜிங்கிறா. வேலை கிடைக்குமா சார்?" என்று போன வாரம் உங்கள் மகளைப் பற்றிக் கேட்டீர்கள். இம்யூனாலஜி என்பது உடம்பின் நோய் எதிர்ப்பு அமைப்பைப் பற்றிய படிப்பு. அன்றைக்கு அவசரத்தில் நான் சொன்ன பதில் போதாது.

நாம் பேசிக்கொண்டிருக்கும்போதே உங்கள் மகன் இன்சுலின் பேனாவை எடுத்தான். தங்கை அவன் டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்து, "மூணு இட்லி" என்றாள். அவன் அதற்குத் தக்கபடி அளவைத் திருகிப் போட்டுக்கொண்டான். பிளஸ் ஒன் முடித்த பெண்ணுக்கு இந்த ஆர்வம் எங்கிருந்து வந்தது என்பது எனக்கு அப்போதே புரிந்துவிட்டது.

"எதிர்ப்பு சக்தி குறைஞ்சதாலதானே அவனுக்கு வந்துச்சு?" என்றும் கேட்டீர்கள். இல்லை அம்மா. டைப் 1 சர்க்கரையில், கிருமியை அழிக்க வேண்டிய டி செல்கள் என்ற வெள்ளையணுக்கள் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களையே தாக்குகின்றன. லூபஸ், முடக்குவாதம் எல்லாமே இப்படி உடம்பு தன்னையே தாக்கிக்கொள்ளும் நோய்கள்தான். சத்து மாவு கொடுத்து எதிர்ப்பு சக்தியை ஏற்றுவதால் இது சரியாகாது. தாக்குகிற செல்களை அடக்கி வைக்க வேண்டும்.

அடக்கி வைப்பதற்கென்றே உடம்பில் வேறு வகை டி செல்கள் இருக்கின்றன. ஜப்பான் விஞ்ஞானி ஷிமோன் சகாகுச்சி இதன் பின்னால் பல வருடங்கள் அலைந்தார். பிறந்து மூன்றாம் நாள் எலிக்குட்டியின் நெஞ்சில், டி செல்கள் பக்குவமாகும் தைமஸ் சுரப்பியை எடுத்துவிட்டால், அதன் உடம்பு தன் உறுப்புகளையே தாக்கத் தொடங்கும். நல்ல எலியின் டி செல்களைக் கொடுத்தால் அந்த நோய் வராது. அப்படியானால் அந்தச் செல்களுக்குள் காவல்காரன் ஒருவன் இருக்க வேண்டுமே! அவனை 1995-இல் அடையாளம் காட்டினார். இன்று ரெகுலேட்டரி டி செல் என்கிறோம். 2001-இல் அமெரிக்காவில் மேரி பிரங்கோவும் ஃபிரெட் ராம்ஸ்டெல்லும், பிறவியிலேயே இப்படி நோயுற்ற எலிகளின் ஜீன்களை ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். சந்தேகப்பட்ட இருபதில் கடைசி ஜீனில்தான் கோளாறு இருந்தது. அதன் பெயர் ஃபாக்ஸ்பி3. காவல் செல்கள் உருவாவதே அதை நம்பித்தான் என்று பின்னர் தெரியவந்தது. 2025 மருத்துவ நோபல் இந்த மூவருக்கும்தான்.

நோயாளியின் ரத்தத்திலிருந்து இந்தக் காவல் செல்களைப் பிரித்து, ஆய்வகத்தில் பெருக்கி, திரும்ப உடம்பில் ஏற்றிப் பார்க்கிறார்கள். டைப் 1 குழந்தைகளுக்கும் செய்து பார்த்திருக்கிறார்கள். ஆனால் இன்னும் சோதனைக் கட்டம்தான். மகனின் இன்சுலினை நிறுத்தும் யோசனையே வேண்டாம்.

சரி, படிப்புக்கு வருவோம். அவள் பயோ-மேத்ஸ் குரூப் என்பதால் மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனமான ஐஸரின் நுழைவுத் தேர்வை முதலில் வைப்பேன். உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் ஒவ்வொன்றிலும் 15 கேள்விகள். இளநிலையும் முதுநிலையும் சேர்ந்த ஐந்து வருட பிஎஸ்-எம்எஸ் படிப்பு. திருப்பதியிலேயே ஒரு ஐஸர் இருக்கிறது. கிடைக்காவிட்டால் நல்ல கல்லூரியில் பயோகெமிஸ்ட்ரியோ மைக்ரோபயாலஜியோ படித்துவிட்டு, ஜாம் அல்லது கேட்-பி தேர்வு எழுதி எம்எஸ்சிக்குப் போகலாம். அப்புறம் பிஎச்டி, டெல்லியில் தேசிய இம்யூனாலஜி நிறுவனமே இருக்கிறது. நெட் என்ற தேசியத் தேர்வில் ஜேஆர்எஃப் என்ற இளநிலை ஆராய்ச்சியாளர் தகுதி வாங்கினால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை உண்டு.

பத்து வருடம் ஆகிவிடும் என்று பயப்படுகிறீர்கள். ஆகும்தான், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் நோயாளியின் செல்லையே மருந்தாக்கும் தொழில் இங்கேயும் வந்துவிட்டது. மும்பை ஐஐடியில் பிறந்த இம்யூனோஆக்ட் நிறுவனத்தின் ரத்தப் புற்றுநோய் சிகிச்சைக்கு 2023-இல் அனுமதி கிடைத்தது. செல் வளர்க்க, சோதிக்க, தரம் பார்க்க ஆள் தேவைப்படுகிற தொழில் இது. நோயாளிகளோடு இருக்கத்தான் அவளுக்குப் பிடிக்கும் என்றால் நீட் எழுதட்டும். எம்பிபிஎஸ், எம்டி முடித்தபின் இதே துறையில் டிஎம் என்ற உயர் சிறப்பு மருத்துவப் படிப்பு இருக்கிறது. ஜிப்மரிலும் வேலூர் சிஎம்சியிலும் படிக்கலாம். அதுவும் குறைந்த வருடங்கள் இல்லை.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அண்ணனைக் குணப்படுத்தத்தான் படிக்கிறாள் என்று சொந்தக்காரர்களிடம் சொல்லாதீர்கள். பதினாறு வயதுப் பெண் அந்தச் சுமையைத் தூக்கக் கூடாது. மைக்ரோஸ்கோப் முன்னால் நாள் முழுக்க உட்கார அவளுக்குப் பிடிக்கிறதா என்பதை மட்டும் பார்ப்போம். பக்கத்துக் கல்லூரி ஆய்வகத்தில் இந்த லீவில் நாலு நாள் நிற்க அனுமதி கேட்டுப் பாருங்கள். போய்வந்தபின் அவளை அழைத்து வாருங்கள். என்ன பார்த்தாள் என்று அவள் வாயால் கேட்க வேண்டும்.