நிரலுக்கு அப்பால் ஒரு பொறியாளரின் பணி: கேள்வி பதில்

மென்பொருள் குழுக்களில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக நிரல் எழுதியும் குழுக்களை வழிநடத்தியும் வருகிறேன். திறமை இருந்தும் தங்கள் உழைப்பு உரிய பயனைத் தரவில்லை என்று வருந்தும் பொறியாளர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: வணக்கம் ஐயா. எனக்கு ஒதுக்கப்படும் டிக்கெட்டுகள் (தனித்தனியாகப் பதிவுசெய்யப்படும் வேலைகள்) அனைத்தையும் குறித்த நாளில் முடித்துவிடுகிறேன். ஆனாலும் ஆண்டு மதிப்பீட்டில், என் பணியின் தாக்கம் போதவில்லை என்றே எழுதுகிறார்கள். இன்னொரு நிரல்மொழி கற்றுக்கொண்டால் உதவுமா?

பதில்: கற்பது என்றைக்கும் நல்லதே; ஆனால் உங்கள் சிக்கலுக்கு அது மருந்தாகாது. டிக்கெட் முடிந்ததா என்பதோடு நின்றுவிடாமல், அது முடிந்ததால் யாருடைய வேலை எளிதாயிற்று என்று ஒவ்வொரு முறையும் கேட்டுப் பாருங்கள். இதை நான் காலம் கடந்துதான் கற்றுக்கொண்டேன். கணக்குப் பிரிவினர் நாள்தோறும் எடுக்கும் ஓர் அறிக்கை வருவதற்கு நாற்பது நிமிடம் ஆகிறது என்று எங்களுக்குப் புகார் வந்தது. தரவுத்தளத்திடம் தகவல் கேட்கும் வினவல்களைத் திருத்தி, தேடலை விரைவாக்கும் இண்டெக்ஸ்களை அதில் சேர்த்து, ஆறு வாரத்தில் அதை நான்கு நிமிடமாகக் குறைத்தேன். பிறகு ஒருநாள், அந்த அறிக்கையைப் பயன்படுத்தும் பணியாளரின் அருகில் அமர்ந்து பார்க்க நேர்ந்தது. அறுபது நெடுவரிசைகள் கொண்ட கோப்பைத் திறந்து, அவற்றில் மூன்றை மட்டும் வேறொரு எக்செல் தாளில் ஒட்டி, முந்தைய நாள் தாளோடு வரிவரியாக ஒப்பிட்டு, பணம் வராத கணக்குகளுக்கு அவர் மஞ்சள் நிறம் பூசிக்கொண்டிருந்தார். அவருடைய காலைப்பொழுது முழுவதும் அந்த ஒப்பீட்டில்தான் கழிந்தது. பணம் வராத கணக்குகளை மட்டும் காட்டும் ஒரு சிறு திரையை இரண்டே நாளில் எழுதிக் கொடுத்தோம். அதற்குப் பிறகு அவர் அந்த அறிக்கையைத் திறக்கவே இல்லை. நான் ஆறு வாரம் செய்தது தரமான வேலைதான்; யாருக்கும் தேவைப்படாத வேலை. அடுத்த பெரிய பணியைத் தொடங்குமுன், அதைப் பயன்படுத்தப்போகிறவரின் அருகில் ஒரு மணி நேரம் குறுக்கே பேசாமல் அமர்ந்து பாருங்கள்.

கேள்வி: என் வடிவமைப்பு சரியானது என்று எனக்குத் தெரிகிறது. ஆனால் கூட்டத்தில் உரக்கப் பேசுகிறவரின் யோசனையே எப்போதும் ஏற்கப்படுகிறது. எனக்குக் கூட்டத்தில் பேசவே தயக்கமாக இருக்கிறது.

பதில்: பேசத் தயங்குகிறவர்களுக்கு எழுத்து மிகப் பெரிய துணை. இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட் உருவாகிக்கொண்டிருந்தபோது, அதன் கணினிகள் ஒன்றோடொன்று பேசுவதற்கான விதிகளை வகுக்கும் பொறுப்பு பெரும்பாலும் முதுநிலை மாணவர்களிடம்தான் இருந்தது. அவர்களுள் ஒருவரான ஸ்டீவ் கிராக்கர், 1969 ஏப்ரல் 7 அன்று முதல் குறிப்பை எழுதினார். இதுதான் முடிவு என்று அறிவிக்கும் தொனி வந்துவிடக் கூடாது என்பதற்காகவே, கருத்துகளை வேண்டுவதாகப் பொருள்படும் பெயரை அந்த வரிசைக்கு வைத்தார். மெருகேற்றிக்கொண்டிருப்பதைவிட உடனுக்குடன் எழுதி அனுப்புவதே மேல் என்பதை அதே ஆண்டில் வந்த மூன்றாம் குறிப்பு வெளிப்படையாகவே சொல்லிவிட்டது. ஆர்.எஃப்.சி (Request for Comments) என்று நாம் அழைக்கும் அந்த வரிசை இன்று 9000-ஐக் கடந்துவிட்டது. இணையத்தின் அடிப்படை நெறிமுறைகள் அதில்தான் பதிவாகியிருக்கின்றன. அதிகாரம் ஏதும் இல்லாத ஓர் இளைஞர், மற்றவர்கள் மறுத்துப் பேசுவதற்கு இடம் விட்டு எழுதியதால் விளைந்த பயன் இது.

நீங்களும் இரண்டு பக்கத்துக்கு மிகாமல் எழுதுங்கள். சிக்கல் என்ன, எந்தெந்த வழிகளை எண்ணிப் பார்த்தீர்கள், எவற்றை ஏன் ஒதுக்கினீர்கள், எதில் உங்களுக்கே இன்னும் உறுதி இல்லை என்பவை அதில் இருக்கட்டும். கடைசியாகச் சொன்னதைப் பலர் மறைக்கிறார்கள். ஆனால் படிப்பவருக்கு நம்பிக்கை பிறப்பது அந்தப் பகுதியில்தான். கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பே, எதிர்ப்பார் என்று நீங்கள் கருதுகிறவரிடம் அதைத் தனியாகக் கொடுத்து அவர் கருத்தைக் கேளுங்கள். அவர் சொல்வதில் பாதியாவது நியாயமாக இருக்கும் என்பது என் அனுபவம்.

கேள்வி: ஒரு கோளாறு வரப்போகிறது என்று முன்கூட்டியே சொன்னேன். யாரும் பொருட்படுத்தவில்லை. கோளாறு வந்த பிறகு, ஏன் சொல்லவில்லை என்று என்னையே கேட்டார்கள். நான் என்ன செய்திருக்க வேண்டும்?

பதில்: உங்கள் மனவருத்தம் எனக்கு நன்றாகப் புரிகிறது. நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் 1999 செப்டம்பர் 23 அன்று செவ்வாயை அடைந்தபோது தொலைந்துபோனது. தரைக்கட்டுப்பாட்டு மென்பொருள் ஒன்று, உந்துவிசைத் தரவை நியூட்டன்-விநாடியில் தருவதற்குப் பதிலாகப் பவுண்டு-விநாடியில் தந்தது. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 4.45 மடங்கு வேறுபாடு உண்டு. அலகுக் குழப்பம் என்ற அளவில் இதைப் பலரும் அறிவார்கள். விசாரணைக் குழு இன்னொன்றையும் கண்டறிந்தது: பாதையைக் கணிப்பவர்கள் எண்களில் முரண்பாடு இருப்பதை முன்பே கவனித்திருந்தார்கள், ஆனால் அது முறையான சிக்கல் பதிவாக மாறாமல், மின்னஞ்சல்களிலும் பேச்சிலுமே தங்கிவிட்டது. குழுக்களுக்கிடையே தகவல் சரிவரச் சென்று சேராததும் இழப்புக்கான காரணங்களுள் ஒன்றாக அறிக்கையில் இடம்பெற்றது.

ஆகவே, நீங்கள் சொன்னீர்களா என்பதைவிட, முடிவெடுக்க வேண்டியவர் முடிவெடுக்கும்படி சொன்னீர்களா என்பதே முக்கியம். "க்யூவில் (செய்திகள் காத்திருக்கும் வரிசையில்) ஏதோ சரியில்லை போலத் தோன்றுகிறது, யாராவது பார்த்தால் நல்லது" என்று குழு அரட்டையில் எழுதினால் அது பத்து நிமிடத்தில் மேலே போய் மறைந்துவிடும். அதையே இப்படி எழுதிப் பாருங்கள்: "பணம் செலுத்தும் செய்திகளுக்கான க்யூ மூன்று நாளாக இரவு 11 மணிக்கு மேல் தேங்குகிறது, நேற்றைய தாமதம் 18 நிமிடம். மாத இறுதியில் செய்திகள் இருமடங்காகும் என்பதால் அது ஒரு மணி நேரத்தைத் தாண்டக்கூடும். 27ஆம் தேதிக்குள் அவற்றைக் கையாளும் இன்னொரு வொர்க்கர் நிரலைச் சேர்க்கலாமா என்பதை நீங்கள் முடிவுசெய்து சொல்ல வேண்டும்." இதை ஒருவருடைய பெயருக்கு அனுப்புங்கள், டிக்கெட்டாகவும் பதிவுசெய்யுங்கள், இரண்டு நாளில் பதில் வராவிட்டால் நேரில் சென்று கேளுங்கள். மீண்டும் கேட்பதை நச்சரிப்பாக எண்ணித் தயங்க வேண்டாம்; அதுவும் நம் பணியின் பகுதியே.

கேள்வி: நிரல் மறுஆய்வில் நான் கடுமையாக எழுதுவதாகச் சொல்கிறார்கள். தவறைத் தவறு என்று சொல்லக் கூடாதா?

பதில்: கட்டாயம் சொல்லுங்கள், ஆளைப் பற்றிச் சொல்லாமல் நிரலைப் பற்றிச் சொல்லுங்கள். "ஏன் இப்படி எழுதினீர்கள்?" என்ற கேள்விக்குத் தற்காப்புதான் பதிலாக வரும். "திரும்பத் திரும்ப ஓடும் இந்த லூப்புக்குள் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனித்தனியாகத் தரவுத்தளத்தை அணுகுகிறோம், ஆயிரம் பேர் இருந்தால் ஆயிரம் அணுகல்கள் ஆகும். வெளியிலேயே ஒரே வினவலில் எடுத்துவிடலாமா?" என்று எழுதினால், அவர் இந்த இடத்தைத் திருத்துவதோடு அடுத்த முறை தானாகவே கவனிப்பார்.

கேள்வி: எங்கள் திட்டம் தாமதமானதால் ஐந்து பேரைப் புதிதாகச் சேர்த்தார்கள். அவர்களுக்கு விளக்குவதிலேயே என் நாள் போகிறது. என் சொந்த வேலை நின்றுவிட்டது.

பதில்: தாமதமான திட்டத்தில் ஆட்களைச் சேர்த்தால் அது மேலும் தாமதமாகும் என்று கணினி அறிவியலாளர் ஃபிரெட் புரூக்ஸ் 1975இலேயே எழுதினார். ஐந்து பேர் உள்ள குழுவில் இருவர் இருவராகப் பேசிக்கொள்ளும் இணைப்புகள் 10; பத்துப் பேரானால் அவை 45. அந்தச் சுமைதான் இப்போது உங்கள் தோளில் இறங்கியிருக்கிறது. இதை உங்கள் மேலாளரிடம் எண்களோடு சொல்லி, குறைந்தது மூன்று வாரத்துக்காவது உங்கள் டிக்கெட்டுகளைக் குறைக்கச் சொல்லுங்கள். விளக்குவதை மறைவாகச் செய்யும் உதவியாக வைத்துக்கொள்ளாமல் திட்டத்தின் வேலையாகவே பதிவுசெய்யுங்கள்.

கேள்வி: நான் செய்த வேலைக்கு இன்னொருவர் பெயர் வாங்கிக்கொள்கிறார்.

பதில்: வாரந்தோறும் மேலாளருக்கு ஐந்து வரியில், என்ன முடிந்தது, அதனால் என்ன மாறியது, யார் உதவினார்கள் என்று எழுதி அனுப்புங்கள். உதவியவர்களின் பெயரை நீங்கள் தவறாமல் குறிப்பிட்டால், உங்கள் சொல்லுக்கும் மதிப்புக் கூடும். இதற்குப் பிறகும் நிலைமை மாறாவிட்டால், வேறு குழுவுக்கு மாறுவதில் தவறேதும் இல்லை.

கேள்வி: இவற்றில் எல்லாம் இறங்கினால் என் தொழில்நுட்பத் திறன் மங்கிவிடாதா?

பதில்: நிரல் எழுதுவதை முற்றிலும் விட்டுவிட்டால் மங்கத்தான் செய்யும். நான் இன்றும் வாரத்தில் ஒரு நாளை அதற்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

கேள்வி: நாளைக்கே தொடங்க வேண்டும் என்றால் எதில் தொடங்கலாம், ஐயா?

பதில்: கடந்த ஒரு மாதத்தில் மூன்று பேராவது உங்களிடம் கேட்ட ஒரே கேள்வியைத் தேடி எடுங்கள். சோதனைச் சூழலை அமைப்பது எப்படி என்பது போன்ற எளிய கேள்வியாகவே அது இருக்கலாம். அதற்கான விடையை ஒரு பக்கத்தில் எழுதி, கடைசியாகக் கேட்டவரிடம் கொடுத்து, அவர் செய்வதைப் பக்கத்தில் இருந்து பாருங்கள். அவர் எந்த வரியில் நின்று உங்களைத் திரும்பிப் பார்க்கிறாரோ, அந்த வரியைத் திருத்தி எழுதுங்கள்.